மூடிய கையே திறக்கவும் வேண்டும்

"கடிவாளம் கட்டிய குதிரை" என்று ஒருவரைச் சுட்டினால், அவர் அக்கம்பக்கம் பாராமல் நேரே ஓடுகிறவர் என்று பொருள் கொள்கிறோம். இவ்வழக்கில் ஒரு சிறு பிழை உண்டு. கடிவாளம் குதிரையின் வாயை அடக்குவது. கண்ணை மறைப்பதோ அதனோடு இணைக்கப்படும் வேறொரு கருவி. ஆங்கிலேயர் அதனைப் பிளிங்கர் என்பர். நாம் கண்பட்டை என்று கூறலாம். ஓட வேண்டிய விலங்குக்கு, ஓட்டத்துக்கு இன்றியமையாத கண்ணையே மறைப்பானேன்? இவ்வினாவின் விடை குதிரையைப் பற்றி மட்டுமன்றி, நம்மைப் பற்றியும் சிலவற்றை உணர்த்துகிறது.

வேட்டையாடும் விலங்குகளுக்கு இரையாகும் அச்சத்தோடு புல்வெளிகளில் வாழ்ந்த இனம் குதிரை. ஆகவே அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. நின்ற இடத்தில் நின்றபடியே ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் காண இயலும். நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதியும் மட்டுமே அதற்குப் புலப்படா. பக்கத்தில் ஒரு துணி படபடத்தாலும் குதிரை மிரண்டு விலகும். காட்டில் உயிர் காத்த இக்குணம் நகரத்துத் தெருவில் இடராயிற்று. வண்டியில் பூட்டிய குதிரைகளுக்குத் தோல் பட்டைகளால் பக்கப் பார்வையை மறைக்கும் வழக்கம் பரவியது இதனாலேயே.

இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்த குரல்களுள் ஒன்று, நடக்க இயலாத ஒரு பெண்மணியுடையது. இங்கிலாந்தில் குவேக்கர் குடும்பமொன்றில் 1820-இல் பிறந்த அன்னா சூவெல், சிறுவயதில் தவறி விழுந்து கால்கள் ஊனமுற்றவர். வெளியே செல்லக் குதிரை வண்டியையே நம்பியிருந்தவர். நோய்ப் படுக்கையில் அவர் உருவாக்கிய 'பிளாக் பியூட்டி' என்னும் நூல் 1877-இல் வெளிவந்தது. குதிரையே தன் கதையைக் கூறுவதாக அமைந்த அந்நூலில், பழத்தோட்டத்தில் கூடும் குதிரைகள் கண்பட்டையைப் பற்றி உரையாடுகின்றன. இருளில் மனிதரைவிடத் தெளிவாகக் காணக்கூடிய குதிரையின் கண்ணை மனிதர் மறைத்ததாலேயே பல விபத்துகள் நேர்ந்தன என்பது அவற்றின் முறையீடு. நூல் வெளிவந்த ஐந்தாம் மாதத்தில் அன்னா இறைவனடி சேர்ந்தார்.

பந்தயத் திடலில் கண்பட்டையின் நோக்கம் சற்று வேறு. அங்கே அது முகமூடி போன்ற ஒரு துணியில் தைத்த கிண்ண வடிவ மறைப்பு. பின்னாலும் பக்கத்திலும் வரும் குதிரைகளையும் ஆரவாரிக்கும் கூட்டத்தையும் மறைத்து, முன்னே உள்ள பாதையில் மனத்தை ஊன்றச் செய்வதே அதன் பணி. முழுதாக மறைப்பதும் உண்டு. சிறு பிளவு விட்டு மறைப்பதும் உண்டு. ஆங்கிலப் பந்தய உலகம் ஒரு காலத்தில் இதனைப் 'போக்கிரியின் சின்னம்' என்று இகழ்ந்தது. கண்பட்டை அணிந்த குதிரை மனமுவந்து ஓடாத குதிரை என்பது அக்கால எண்ணம். ஆயினும், 1973-இல் அமெரிக்காவின் மும்முடிப் பட்டத்தை வென்ற செக்ரட்டேரியட் அணிந்திருந்தது நீலமும் வெள்ளையுமான கட்டமிட்ட கண்பட்டையே. பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீள இடைவெளியில் அது வென்றபோது, அதனைப் போக்கிரி என்று சொல்ல எவருக்கும் நா எழுந்திராது. ஒருவருடைய தேவையைக் கண்டு அவருடைய குணத்தைத் தீர்ப்பிடும் பழக்கம் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை.

நிற்க. கண்ணை முழுவதும் மூடும் வேளையும் உண்டு. பிரிட்டனில் 1965-இல் நியூமார்க்கெட் திடலில் புறப்பாட்டுக் கூண்டுகள் அறிமுகமாயின. குறுகிய கூண்டுக்குள் நுழைய அஞ்சும் குதிரைக்குக் கண்களை மறைத்துத் துணி கட்டி, அமைதிப்படுத்தி உள்ளே நடத்துவர். அத்துணியோடு பந்தயம் தொடங்குமாயின், கதவு திறக்கும் தறுவாயில் அதை உருவி எடுப்பது மேலே அமர்ந்த ஜாக்கியின் கடமை. அவர் கணநேரம் தாமதித்தால், மற்றவை பாய்ந்தோட, அக்குதிரை இருளில் நிற்கும். அல்லது இருளிலேயே பாயும். அப்போது விசாரிக்கப்படுபவர் ஜாக்கியே, குதிரையன்று.

இதற்கு நேர்மாறான மூடலும் வரலாற்றில் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் காளைப் போரில், ஈட்டி ஏந்தியவர் ஏறிவரும் குதிரைக்குக் கண்ணைக் கட்டுவர். பாய்ந்து வரும் கொம்பை அது காணலாகாது என்பதே நோக்கம். 1928-இல் உடற்கவசம் கட்டாயமாக்கப்படும்வரை, குத்துண்டு குடல் சரிந்து மாண்ட குதிரைகள் ஏராளம். திருத்தந்தை புனித ஐந்தாம் பயஸ் 1567-இலேயே காளைப் போரைச் சபைநீக்கத் தண்டனையின்கீழ்த் தடை செய்தார். அவர் கருதியது மனிதரின் உயிரையும் ஆன்மாவையும். 1575-இல் பதின்மூன்றாம் கிரகோரி பொதுநிலையினர்மீதான அத்தடையைத் தளர்த்தினார். காவலர் நம் ஆண்டவரின் முகத்தை மூடிவிட்டு, அடித்தவர் யாரென்று கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அடிப்பவரின் வசதிக்காக மூடப்படும் கண் அது.

ஆக, மூடும் செயல் ஒன்றே. ஆயின் எவருடைய நன்மைக்காக என்பதே அதன் அறத்தைத் தீர்மானிக்கிறது. குருமடத்தில் நமக்குக் கண்ணடக்கம் கற்பிக்கப்பட்டது. அது நாமே விரும்பி ஏற்கும் கண்பட்டை, பயனுள்ளதே. ஆனால் மேய்ப்பர்களாகிய நாம் பிறருக்குக் கட்டியவை எத்தனை! கேள்வி கேட்ட இளைஞரிடம், "அதையெல்லாம் பார்க்க வேண்டாம்" என்றோம். மதிப்பெண் ஒன்றையே காட்டி, பெற்றோர் பிள்ளைகளின் பக்கப் பார்வையை மறைத்தபோது பாராட்டினோம். அன்பினால் கட்டினோம் என்பது மெய்யே. ஆனால் கூண்டின் கதவு திறந்த வேளையில் அதனை அவிழ்த்தோமா? அவிழ்க்க மறந்துவிட்டு, தடுமாறி ஓடியவரைக் குறை கூறிய நாள்களும் உண்டு. விசாரணை நம்மீதன்றோ தொடங்க வேண்டும்?

எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதை வழியில் நின்ற வானதூதரைக் கண்டது. மேலே அமர்ந்திருந்த இறைவாக்கினர் காணவில்லை. காணாதவர், கண்ட விலங்கை மும்முறை அடித்தார். பின்னர் ஆண்டவர் திறந்தது கழுதையின் கண்களையல்ல, பிலயாமின் கண்களையே. நாம் வழிநடத்துகிறவர்கள் வழியில் தயங்கி நிற்கும்போது, கோலை ஓங்குமுன் ஒருகணம் அவர்கள் பார்க்கும் திசையில் நாமும் பார்ப்போமாக.