சாயத்தில் தெரிந்த கட்டிகள்

மாத்தளை அலுவிகாரையில் ஓலையை எழுத்தாணியால் கீறி முடித்த கையோடு பார்த்தால் எழுத்து சரியாகத் தெரியாது. கரியும் எண்ணெயும் தடவித் துடைத்த பிறகுதான் அது கறுத்து எழும். கபச்சுரப்பிக் கட்டிகளுக்கு வகை பிறந்ததும் அப்படித்தான். மூளைக்கு அடியில், எலும்புக் குழியொன்றில் கிடக்கும் அந்தப் பட்டாணி அளவுச் சுரப்பிக்குள் வெவ்வேறு கலங்கள் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதைச் சாயம்தான் காட்டிக்கொடுத்தது.

நோய் முன்னரே தெரிந்திருந்தது. 1886இல் பாரிஸில் பியர் மரி, கையும் காலும் முகமும் பருத்துப்போன நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். இத்தகையோரின் கபச்சுரப்பி வீங்கியிருப்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரியவந்தது. வீங்கிய சுரப்பி மிகையாகச் சுரக்கிறதா, சுரக்காமலே போய்விட்டதா? இதில்தான் வாதம். 1900 அளவில் பெர்லினில் கார்ல் பெண்டா, இக்கட்டிகளில் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்கும் கலங்கள் நிறைந்திருப்பதைக் காட்டினார். 1909இல் பால்டிமோரில் ஹார்வி குஷிங் ஒரு நோயாளியின் சுரப்பியில் ஒரு பகுதியை வெட்டி அகற்ற, நோய்க்குறிகள் தணிந்தன. மிகைச் சுரப்பே காரணம் என்பதற்கு அது வலுவான சான்று.

இப்படியாகச் சாயத்தை வைத்தே மூன்று வகைகள் அமைந்தன. ஈயோசின் போன்ற அமிலச் சாயம் ஏற்பவை வளர்ச்சி ஓமோனைப் பெருக்குபவை. எலும்பு வளரும் வயதில் வந்தால் பிள்ளை அசாதாரண உயரமாகிவிடும், அதன்பிறகு வந்தால் தாடையும் விரல்களும் தடிக்கும். காரச் சாயம் ஏற்பவற்றால் வரும் நோயை 1932இல் குஷிங் விவரித்தார்: உருண்ட முகம், வயிற்றில் ஊதா வரிகள், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு. எந்தச் சாயத்தையும் ஏற்காதவை மூன்றாம் வகை. அவை எந்த ஓமோனையும் சுரக்காதவை என்று பல காலம் நம்பினார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது அந்த நம்பிக்கைதான். மாதவிடாய் நின்று, பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிந்த எத்தனை பெண்கள் காரணம் தெரியாமல் காலம் கழித்திருப்பார்கள்! மனிதரில் புரோலாக்டின் என்று தனி ஓமோன் உண்டா என்பதே 1970 வரை ஐயமாக இருந்தது. மொன்றியலில் ஹென்றி ஃப்ரீசனின் குழு அதைப் பிரித்தெடுத்து, இரத்தத்தில் அளக்கவும் வழி கண்டது. சாயம் ஏற்காத கட்டிகளில் பல புரோலாக்டின் சுரப்பவை என்பது அதன்பின் வெளிப்பட்டது. புரோமோகிரிப்டின் மாத்திரை அவற்றைச் சுருக்கியது. கத்தி வைக்காமல், மாத்திரையாலேயே பெரும்பாலும் அடங்கும் கபச்சுரப்பிக் கட்டி இந்த ஒரு வகைதான்.

அளவை வைத்தும் பிரிக்கிறார்கள்: 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சிறிய கட்டி. மொன்றியலில் ஜூல் ஹார்டி, நுணுக்குக்காட்டி வைத்து மூக்கு வழியே அறுவை செய்தபோது இந்தச் சிறு கட்டிகளைக் கண்ணால் பார்த்தார். ஓமோன் சுரக்காத கட்டி பெருத்தால் பார்வை நரம்பை அழுத்தும்; இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும்.

பழைய சாயங்களின் இடத்தை ஓமோன்களை அடையாளம் காணும் எதிருடல்கள் பிடித்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு வகைப்பாடு, கலம் எந்த மரபில் பிறந்தது என்பதைக் காட்டும் பிட்1, டீபிட், எஸ்எஃப்1 என்ற புரதங்களை அடிப்படையாக்கியது. 2022இல், இக்கட்டிகளுக்கு வழங்கிவந்த அடினோமா என்ற பெயரையே மாற்றி, நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டி என்றார்கள். நோயாளியிடம் பேசும்போது பழைய பெயரே நல்லது என்பது என் எண்ணம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புதுப் பெயர் வீணாகக் கிலி கொள்ளவைக்கும்.

மோதிரமும் செருப்பும் காரணமின்றி இறுகினால், பிள்ளை பெறாமலே பால் கசிந்தால், பக்கத்தில் வரும் வாகனம் கண்ணில் படாமல் போனால், வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மாத்தளை வைத்தியசாலைக்குப் போய், ஓமோன் பரிசோதனை வேண்டுமா என்று டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்.