துணுக்கு, பொட்டலம், ஃபீடு

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் முனிர்காவுல எங்க வீட்ல ஆளுக்கொரு மொபைலோட ஒதுங்கிடுவோம். போன வாரம் விரலால தள்ளத் தள்ள எனக்கு வந்தது: யாரோ பனங்கிழங்கு உரிக்கிறார். அடுத்து மவுண்ட் ரோடோட பழைய ஃபோட்டோ. அடுத்து கோயில் யானை குளிக்குது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல, ஆனா நிறுத்தவும் மனசு வரல.

பையன் எட்டிப் பார்த்து, "அப்பா, இது என்ன வேர்?"ன்னான். பனங்கிழங்கைத்தான் கேக்கறான்!

இந்த சுகம் ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1881ல ஜார்ஜ் நியூன்ஸ்ங்கறவர் இங்கிலாந்துல 'டிட்-பிட்ஸ்'னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். புத்தகம், பத்திரிகைன்னு கிடைச்ச இடத்துலேர்ந்தெல்லாம் சுவாரசியமான துண்டுகளைப் பொறுக்கிப் போடறதுதான் அதோட வேலை. 1870ல வந்த கல்விச் சட்டத்துக்கு அப்புறம் அங்க படிக்கத் தெரிஞ்ச ஜனம் பெருகிட்டிருந்த நேரம். நல்லா வித்துது.

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு துணுக்கு. விகடன், குமுதம்னு எதைத் திறந்தாலும் கதைக்கு நடுவுல நாலு வரி எட்டிப் பார்க்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா இருப்பாரே தமிழ்வாணன், அவர் நடத்தின 'கல்கண்டு'க்கு துணுக்குதான் உயிரே. தொடர்கதையைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெப்பாங்களே, ஞாபகம் இருக்கா? கதையை விட, பக்கத்தோட ஒட்டிக்கிட்டு வந்த ஜோக்கும் விளம்பரமும்தான் எனக்கு இஷ்டம். அப்புறம் வேர்க்கடலைப் பொட்டலம். கடலை தீர்ந்ததும் பேப்பரைப் பிரிச்சா பாதிச் செய்தி இருக்கும், மீதி வேற யாரோட பொட்டலத்துலயோ போயிருக்கும்.

2006 செப்டம்பர்ல ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீடு' கொண்டு வந்தப்ப ஏகப்பட்ட எதிர்ப்பு. அதுவரைக்கும் ஆர்குட் மாதிரி, ஒவ்வொருத்தர் பக்கமா நாமதான் போய்ப் பார்க்கணும். இது எல்லார் சமாசாரத்தையும் கொண்டு வந்து நம்ம முன்னாடி கொட்டிச்சு. அப்புறம் பழகிடுச்சு. 2009ல லைக் பட்டன் வந்தது. 2016ல ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையை ஓரங்கட்டிட்டு, நமக்குப் பிடிக்கும்னு கணக்குப் போட்டதை மேல தள்ள ஆரம்பிச்சுது.

வித்தியாசம் இங்கதான். துணுக்கைப் பொறுக்கினவருக்கு என்னைத் தெரியாது. கடலைக்காரருக்கு அதுவும் தெரியாது, கைக்கு வந்த பேப்பர்ல மடிச்சார். இந்தக் கணக்குக்கோ நான் எங்க நின்னு பார்த்தேன்னு அத்தனையும் தெரியும். பனங்கிழங்கு எனக்கு வந்தது தற்செயலே இல்ல. நான் ஊர் நினைப்புலயே தள்ளிட்டிருக்கறது அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

பையனோட மொபைலை வாங்கிப் பார்த்தேன். கிரிக்கெட், கேம்ஸ், எல்லாம் இந்தி, இங்கிலீஷ். தமிழ்ல ஒரு எழுத்து இல்ல. அவன் பார்த்ததே இல்ல, அதனால வரவும் வராது. நான் பாதித் தமிழைப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். மீதி பஸ் போர்டு, சினிமா போஸ்டர், பொட்டலம். முனிர்கா கல்லில போனா 'டு லெட்' நோட்டீஸ் இந்தியில இருக்கும், இல்ல இங்கிலீஷ்ல இருக்கும். பக்கத்து ஆர்.கே.புரத்துல தமிழ்ச் சங்கம் இருக்கு, மலை மந்திர் இருக்கு. ஆனா அங்க நாமளா கிளம்பிப் போகணும். வழியில தானா கண்ணுல படற தமிழ் இங்க இல்ல.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "முறுக்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல பழைய தமிழ்ப் பத்திரிகைல சுத்தி அனுப்பும்மா."

"ஏண்டா, அங்க பேப்பர் கூடவா கிடைக்கல?"ன்னாங்க.

பார்சல் வந்தது. பையன் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சான். டாக்டர் ஜோக். ரெண்டாவது வரியோட கிழிஞ்சிருந்தது.

"மீதி எங்கப்பா?"ன்னான்.

ஊர்லேர்ந்து பார்சல் வந்தா சுத்தின பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே!