முடிவுறு தானியங்கியும் சுருங்குறித்தொடரும்

எண்ணிவிடக்கூடிய சில நிலைகள் மட்டுமே கொண்டு, வரும் குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து நிலை மாறி, கடைசியில் ஏற்பதா மறுப்பதா என்று தீர்ப்புச் சொல்லும் கற்பனை எந்திரம் முடிவுறு தானியங்கி. அது ஏற்கும் தொடர்களின் வடிவத்தை ஒரே வரியில் எழுதிக்காட்டுவது சுருங்குறித்தொடர். நிரலாளர் பேச்சில் 'ரெகெக்ஸ்'.

இதன் வேர் கணினியில் இல்லை, நரம்பியலில் இருக்கிறது. 1943இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுவைத் தூண்டப்பட்டது, தூண்டப்படாதது என இரண்டே நிலை கொண்ட உறுப்பாக வைத்து ஒரு கணித மாதிரி அமைத்தனர். அத்தகைய நரம்பணுக்களால் ஆன வலை எதையெல்லாம் அடையாளம் காணும் என்ற கேள்வியை 1951இல் ரேண்ட் நிறுவனத்தில் ஸ்டீபன் கிளீனி எடுத்துக்கொண்டார். தொடர்ச்சி, தெரிவு, மீள்வரவு ஆகிய மூன்றால் கட்ட முடிந்தவை அனைத்தையும் அது காணும், வேறெதையும் காணாது என்று நிறுவினார். 1956இல் அச்சேறிய இந்தத் தேற்றமே துறையின் அடித்தளம். மீள்வரவைக் குறிக்கும் நட்சத்திரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

தக(திமி)*தா என்ற தொடரைப் பாருங்கள். 'தகதா', 'தகதிமிதா', 'தகதிமிதிமிதா' எல்லாம் பொருந்தும். 'தக' வந்ததும் எந்திரம் ஒரு நிலைக்குப் போகிறது. எத்தனை 'திமி' வந்தாலும் அங்கேயே நிற்கிறது. 'தா' வந்தால் ஏற்கிறது. எத்தனை 'திமி' என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான், எவ்வளவு ஆழமாகவும் அடுக்கக்கூடிய அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டனவா என்று பார்க்க அதற்கு வக்கில்லை. மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1956இல் ஆங்கில இலக்கணத்துக்கு இத்தகைய எந்திரம் போதாது என்று வாதிட்டதும் இத்தகைய உள்ளடுக்குகளை வைத்துத்தான்.

1959இல் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும், ஒரே குறிக்குப் பல வழிகளில் போகக்கூடிய தானியங்கியை அறிமுகப்படுத்தினர். அதற்குக் கூடுதல் வல்லமை கிடையாது. ஒற்றை வழி எந்திரமாக மாற்றிவிடலாம். ஆனால் n நிலைகள் 2ⁿ வரை பெருகலாம். இப்பணிக்காக 1976இல் டூரிங் விருது பெற்றனர்.

கோட்பாட்டைக் கருவியாக்கியவர் கென் தாம்சன். சாத்தியமான நிலைகள் எல்லாவற்றையும் ஒருசேரப் பின்தொடரும் தேடல்முறையை 1968இல் வெளியிட்டார். உரை இருமடங்கானால் நேரமும் ஏறக்குறைய இருமடங்குதான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் 'எட்' எடிட்டரில் இருந்த தேடல் கட்டளை 1973இல் 'கிரெப்' என்ற தனி நிரலாயிற்று.

பிறகு வந்தவர்கள் வசதிக்காக இந்தக் கோட்பாட்டைக் கைவிட்டனர் என்றே சொல்ல வேண்டும். முன்பு பொருந்திய பகுதியைத் திரும்பக் கேட்கும் வசதியைப் பெர்ல் போன்ற மொழிகள் தந்தன. அதைத் தானியங்கியால் செய்ய முடியாது. அதற்காக, ஒரு வழி அடைபட்டால் பின்வாங்கி அடுத்ததை முயலும் முறை பரவியது. (அ*)*ஆ போன்ற தொடரை 'அ' மட்டுமே நிறைந்த உரையில் தேடவிட்டால், கூடும் ஒவ்வோர் எழுத்தும் முயற்சிகளைப் பெருக்கிக்கொண்டே போகும். 2019 ஜூலை 2 அன்று இப்படிப்பட்ட ஒரே ஒரு தொடர் கிளவுட்ஃப்ளேர் வலையமைப்பை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடக்கியது.

ரஸ் காக்ஸ் எழுதி 2010இல் கூகுள் வெளியிட்ட 'ஆர்இ2' நூலகம் அந்தத் திரும்பக் கேட்கும் வசதியை விலக்கிவிட்டு, தானியங்கி முறையிலேயே தேடுகிறது.