உடுக்குறி ஏந்திய வான்சொல்

மங்கோலியாவின் ஒர்க்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இளவரசன் கூல் தெகினின் நினைவாக கி.பி. 732-இல் நாட்டப்பெற்ற கல்லொன்று உண்டு. அதன் எழுத்தைப் படிப்பார் நெடுங்காலம் இலர். 1893-இல் டென்மார்க்கு நாட்டறிஞர் வில்கெல்ம் தாம்சன் அதனைப் படித்தறிந்தார். அவருக்கு முதன்முதலில் விளங்கிய சொல் 'தெங்ரி'. வானம் என்பது அதன் பொருள். கடவுள் என்பதும் அதன் பொருளே. தேவரை 'வானோர்' என வழங்கும் நமக்கு இது வியப்பன்று.

கல்லிலும் ஏட்டிலும் கிடைக்காது, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டமைத்த வடிவத்தின் முன் மொழியியலார் ஓர் உடுக்குறி இடுவர். மூலத் துருக்கியத்தில் இவ்வான்சொல்லுக்கும் அத்தகைய உடு ஒன்று உண்டு. சிக்கல், அதனை எவ்வடிவத்தின் தலையில் இடுவது என்பதே.

துருக்கிய மொழிகளில் உயிரிசைவு என்றோர் ஒழுங்கு உண்டு. ஒரு சொல்லின் உயிர்கள் யாவும் முன்னுயிராகவோ யாவும் பின்னுயிராகவோ அமைதல் வேண்டும். உருபும் அதற்கு இயைந்தே வரும். கல்வெட்டின் 'தெங்ரி' முன்னுயிர்ச் சொல். இன்றைய துருக்கி நாட்டாரோ 'தன்ரு' என்பர். அதன் ஈறு நம் குற்றியலுகரத்தை ஒத்து ஒலிக்கும். சைபீரிய யாக்கூத்து மொழியில் 'தஙரா'. இவையிரண்டும் பின்னுயிர்ச் சொற்கள். ஒரே சொல் இரு வரிசையிலும் நிற்பது ஏன்? வெளியிலிருந்து வந்த சொல்லே இவ்வாறு ஒழுங்கிற்கு அடங்காது அலையும் என்பது என் கருத்து.

இதற்குத் துணைநிற்கும் சான்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு தொகுத்த ஹான் வரலாறு, சியோங்னு வேந்தனின் பட்டத்தில் வானத்தைக் குறிக்கும் 'செங்லி' என்ற சொல்லைப் பதிவு செய்கிறது. தெங்ரியும் இதுவும் ஒன்றே என்பர். சியோங்னு மக்கள் பேசியது எம்மொழி என்பதோ இன்றும் வழக்கில் உள்ள வினா. ஏனிசேய் ஆற்றங்கரை மொழிகளில் 'உயரம்' எனப் பொருள்படும் வேரொன்றிலிருந்து இது பிறந்தது என்பாரும் உளர். ஓர் இனம் தன் தலையாய தெய்வத்தின் பெயரையே கடனாகப் பெற்றிருத்தல் இழுக்கென எண்ணுவோர்க்கு இக்கருத்து கசக்கலாம். எனக்குக் கசக்கவில்லை.

நமக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. பழந்துருக்கியின் நான்காம் வேற்றுமை உருபு 'கா', 'கே' என வரும். நம் 'கு' உடனே நினைவுக்கு வரும். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைத் துருக்கியம் உள்ளிட்ட சித்தியக் கூட்டத்தோடு உறவுபடுத்தியதும் நினைவுக்கு வரும். ஓர் உருபின் ஒப்புமை கொண்டு உறவு நாட்டல் ஆகாது.

கல்லில் 'நீல வானம்' என்பது 'கோக் தெங்ரி'. கோக் அங்கே அடைமொழி. இஸ்லாம் பரவிய பின்னரும் அச்சொற்கள் அழிந்தில, பணி மாறின. இன்றைய துருக்கியில் 'கோக்' என்பதே வானம். 'தன்ரு' கடவுள் மட்டுமே. 1932 முதல் அந்நாட்டுத் தொழுகை அழைப்பில் அல்லாஹ் என்னும் பெயருக்கு மாற்றாக அரசு ஒலிக்கச் செய்தது இந்தத் தன்ருவைத்தான். 1950-இல் அரபு அழைப்புக்கு இருந்த தடை நீங்கியது. பள்ளிவாயில்களில் மீண்டும் அரபே ஒலித்தது.