நிலவில் தரையிறங்கும் மென்பொருளின் சோதனை

மென்பொருள் சோதனை என்பது, எழுதி முடித்த நிரலை இயக்கிப் பார்த்து அதில் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடும் பணி. நிரல் சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்கே சோதனை என்ற எண்ணம் பரவலாக உண்டு. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட நூல் இதை மறுத்து, பிழை காணும் நோக்கத்தோடு இயக்குவதே சோதனை என்று வரையறுத்தது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தியாவில் கிடைக்கும் தெளிவான சான்று, சந்திரயான் 2, சந்திரயான் 3 திட்டங்களின் தரையிறங்கு மென்பொருள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான் 2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவின் தரையிலிருந்து 30 கி.மீ. உயரத்தில் இறங்கத் தொடங்கியது. பூமிக்கும் நிலவுக்கும் இடையே ரேடியோ சமிக்ஞை போய்வர ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகும். அதனால் இறக்கம் முழுவதும் மென்பொருளின் பொறுப்பு. 7.4 கி.மீ. உயரத்தை எட்டியபோது வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்திருந்தது; அதுவரை எல்லாம் ஒழுங்கு. அடுத்த கட்டத்தில் வேகம் கணித்ததைவிடக் கூடுதலாகக் குறைந்தது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கலம் தரையில் மோதியது.

இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் 2023 ஜூலையில் காரணங்களை வெளிப்படையாக விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் நிலைகொள்ள வேண்டிய கட்டத்தில் விலகல்கள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போயின. பிறகு அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம் தேவைப்படும் என்று யாரும் நினைக்காததால், திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு போடப்பட்டிருந்தது. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்டிப் பிடிக்கக் கலம் தரைக்கு அருகிலும் வேகத்தைக் கூட்டியது.

ஆக, அந்த வரம்பைப் பொறுத்தவரை மென்பொருள் தனக்குச் சொன்னதையே செய்தது. சோதனைத் துறையின் மிகக் கசப்பான உண்மை இதில்தான் இருக்கிறது: நிரலை வடிவமைத்தவரின் அனுமானமும் சோதிப்பவரின் அனுமானமும் ஒன்றாகிவிட்டால், அந்த அனுமானம் சோதனைக்கு உட்படாமலே தப்பிவிடும்.

உழைப்புக்குக் குறைவில்லை. நிலவின் மேட்டுநிலப் பாறையான அனார்தொசைட் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. அதை அரைத்து, நிலவு மண்ணுக்கு ஈடாகப் பெங்களூருச் சோதனைக்கூடத்தில் பரப்பினார்கள். சித்ரதுர்கா மாவட்டத்தின் சள்ளகெரெ அருகே செயற்கைப் பள்ளங்கள் தோண்டி, மேலிருந்து உணரிகளைச் சோதித்தார்கள். பள்ளம் பார்த்து விலகுவது கடைசிச் சில நூறு மீட்டர்களில் வரும் வேலை. 2019இல் அந்தக் கட்டத்துக்கு முறையாகப் போய்ச் சேர விக்ரமுக்கு வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே என்றால், கணக்கு இடம் தராது. இரண்டு 32-பிட் எண்களைக் கூட்டும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு நூறு கோடி முறை இயக்கினாலும், சாத்தியமான எல்லா இணைகளையும் பார்த்து முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று நிறுவ முடியாது என நெதர்லாந்து கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தியது இதனால்தான்.

முன்பு நன்றாக ஓடிய நிரல் புதிய இடத்திலும் ஓடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் முதல் ஏரியன் 5 ராக்கெட், எஞ்சின் பற்றவைத்த 40 நொடிகளுக்குள் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்த நிரல், புதிய ராக்கெட்டின் அதிகக் கிடைமட்ட வேகத்தைக் குறிக்கும் மதிப்பை 16-பிட் எண்ணுக்குள் அடக்க முயன்று தோற்றது. ஏரியன் 5 பறக்கும் பாதையின் தரவைக் கொடுத்து அந்த நிரலை முன்னதாக இயக்கிப் பார்த்திருந்தால் பிழை தரையிலேயே தெரிந்திருக்கும்.

மறுமுயற்சியான சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இந்த முறை என்னென்ன கெடலாம் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பு தொடங்கியது. இறங்கும் பகுதி ஏறத்தாழ 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரிந்தது, நடு எஞ்சின் நீக்கப்பட்டு நான்கே மிஞ்சின, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரை தொட்டாலும் தாங்கும்படி கால்கள் வலுப்பெற்றன. உணரிகளையும் வழிநடத்தும் மென்பொருளையும் ஹெலிகாப்டரில் ஏற்றிப் பறந்து சோதித்தார்கள். எஞ்சின்களை எரித்தபடி, உணரியும் மென்பொருளும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பதில்சொல்லும் சோதனைக்குக் கோபுரக் கிரேன் பயன்பட்டது. நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பையும் வெற்றிடத்தையும் கிரேனால் தர முடியாது. அந்த இடைவெளியைக் கணினிப் பாவனைகள்தான் நிரப்ப வேண்டும். பாவனையும் மனிதர் எழுதிய நிரலே என்பதால் அதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

உணரிகள் அனைத்தும் செயலிழந்தாலும், இரண்டு எஞ்சின்கள் ஓடாவிட்டாலும் கலம் இறங்கும் என்று சோமநாத் இறக்கத்துக்கு முன் கூறினார். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு, அதே பெயர் கொண்ட புதிய விக்ரம் கலம் தரை தொட்டது. செப்டம்பர் 3 அன்று எஞ்சின்களை மீண்டும் இயக்கி, ஏறத்தாழ 40 செ.மீ. எழும்பி, சற்றுத் தள்ளி மறுபடி இறங்கியது.