பொறுப்பாளர் இல்லாத ஆண்டுகள்: மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கும் வேலைக்கும் இடையில்

தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை 4.2 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் நாட்டின் பொதுவான வேலையின்மை 6 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருப்பதாக நினைத்துவிடக்கூடும். அதே அறிக்கையின் இன்னோர் எண் இந்த மயக்கத்தைத் தெளிவிக்கிறது: உழைப்புச் சந்தைக்குள் இருந்தவர்களே 23.8 விழுக்காட்டினர்தாம். வேலை தேடுபவரைத்தான் புள்ளியியல் வேலையற்றவராக எண்ணும். தேட வேண்டாம் என்று வீட்டாரால் தடுக்கப்பட்டவரும், எங்கே போய்த் தேடுவது என்று தெரியாதவரும் அந்தக் கணக்கில் சேருவதே இல்லை. முதுமையோடு குறைபாடும் கூடுவதால் வெளியே நிற்பவர்களில் முதியோர் பலர் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியை முடித்துவிட்டு வீட்டிலேயே தங்கிவிட்ட இளையோரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இந்த இளையோரின் வாழ்வை இரண்டு முனைகளில் தொடுகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடங்களை 32ஆம் பிரிவும், அரசுப் பணியில் 4 விழுக்காட்டு இடங்களை 34ஆம் பிரிவும் ஒதுக்குகின்றன. ஒரு முனையில் சான்றிதழ், மறுமுனையில் காலிப்பணியிடம். நடுவில் கிடக்கும் ஆண்டுகளில் அந்த இளைஞர் யாருடைய பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. தொழிற்பயிற்சிக்கான திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. பயிற்சி முடித்தவரை வேலைவரை கொண்டுசேர்க்கும் கடமையை யார் மீதும் அது சுமத்தவில்லை.

இட ஒதுக்கீடு இந்த இடைவெளியைத் தானாக நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. 34ஆம் பிரிவைச் சற்று நிதானமாகப் படித்தால் அந்த நம்பிக்கை தளரும். 4 விழுக்காட்டில் பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறன் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1. எஞ்சிய 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைவருக்கும் பொது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 விழுக்காட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்குப் பங்கே இல்லை என்பதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அப்பணியிடத்துக்கும் மற்றவர்களுக்குரிய அதே கல்வித்தகுதி கேட்கப்படுகிறது, பெரும்பாலும் அதே எழுத்துத் தேர்வும் உண்டு. 76ஆம் சுற்று ஆய்வின்படி 15 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் 19.3 விழுக்காட்டினர். எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்த அளவு இது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தால் எவ்வளவு தேறும் என்று ஊகிப்பது கடினமன்று.

தகுதியானவர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. பணியிடம் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும். அப்போதும் ஆள் இல்லையென்றால் வேறு வகைக் குறைபாடு உள்ளவரைக் கொண்டு நிரப்பலாம். அவரும் இல்லையென்றால் குறைபாடு இல்லாதவருக்கே அது போய்விடும். ஆக, படிப்பில் பின்தங்க வைக்கப்பட்ட வகையினருக்குரிய இடம் இரண்டே ஆண்டுகளில் முறைப்படி கைமாறுகிறது. பதிவேட்டில் எந்தக் குறையும் தெரியாது. இட ஒதுக்கீட்டைக் குறைசொல்வது என் நோக்கமன்று. வாசல்வரை வந்துசேர்ந்தவர்களுக்குக் கதவைத் திறப்பதே அதனால் இயன்ற வேலை. பட்டம் பெற்ற பார்வையற்ற இளைஞருக்கு அது பேருதவி. சிறப்புப் பள்ளியில் பதினெட்டு வயதைத் தொட்ட ஆட்டிசம் உள்ள பெண்ணுக்கு அது எட்டாத தொலைவு.

குறைபாட்டுக்கு ஒரு தொழில் என்று பொருத்திவைக்கும் பழைய பழக்கமும் இங்கே தன் பங்கைச் செய்திருக்கிறது. பார்வையற்றவருக்கு நாற்காலி பின்னுதல், சாக்பீஸ் செய்தல், தொலைபேசி இணைப்பக வேலை. நடக்க இயலாதவருக்கு எஸ்.டி.டி. பூத். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு இருந்த அந்த மஞ்சள் பலகைக் கூண்டுகளில் பலவற்றை நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. செல்பேசி பரவிய சில ஆண்டுகளில் அந்தத் தொழில் மொத்தமாகச் சரிந்தது. தானியங்கி இணைப்பகம் வந்ததும் ஆபரேட்டர் பணியிடமும் தேய்ந்தது. ஒற்றைத் தொழிலை நம்பிய மறுவாழ்வு அந்தத் தொழிலின் ஆயுள்வரைதான் தாங்கும்.

பயிற்சி மையங்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பல மையங்களில் காகித உறை, மெழுகுவர்த்தி, பினாயில், தாம்பூலப் பை என்று ஏதோ ஒன்று செய்யப்படுகிறது. அங்கே இருப்பவர்களில் சிலர் நாற்பதைத் தொட்டவர்கள். இன்னமும் அவர்கள் பயிற்சியாளர்களே, கிடைப்பது ஊக்கத்தொகை. பகலெல்லாம் பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்க முடிகிறதே என்ற பெற்றோரின் ஆறுதலை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இருந்தாலும் முடிவே இல்லாத பயிற்சியைப் பயிற்சி என்று அழைப்பது நேர்மையாகாது. இதில் நாம் மட்டும் தனியாக நிற்கவில்லை. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாய உழைப்புத் தரச் சட்டம் தன் 14(சி) பிரிவின் வழியே, சான்றிதழ் பெற்ற நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்க இடமளித்தது. நம்முடைய 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 26ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. முதலில் ஆயத்தம், பிறகு வேலை என்ற எண்ணமே இரு நாடுகளிலும் இந்த ஏற்பாடுகளைத் தாங்கி நின்றது. ஆயத்தம் ஒருபோதும் முடிவதில்லை என்பதுதான் அதன் கோளாறு.

வரிசையை மாற்றிப் பார்த்த முயற்சிகளில் ஒன்று 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பிலிருந்த எரின் ரீல், சிகிச்சைப் பொருள்களை அடுக்கி நிரப்பும் வேலைக்கு ஆள் நிலைக்காமல் தவித்தார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அதைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டதில் பிறந்தது ‘ப்ராஜெக்ட் சர்ச்’. இரக்கம் இருந்திருக்கலாம், ஆனால் ஒரு பிரிவின் அன்றாடத் தேவையே அதற்கு விதை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னாளில் அது பள்ளியின் கடைசி ஆண்டையே மருத்துவமனைக்குள் நடத்தும் திட்டமாக வளர்ந்தது. மாணவர் அந்த ஓராண்டில் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் வேலை பழகுகிறார். ஆசிரியரும் வேலை கற்றுத்தரும் ஜாப் கோச்சும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, வேலை நடக்கும் இடத்திலேயே அந்த வேலை சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறது.

வர்ஜீனியாவில் பால் வேமனும் குழுவினரும் இம்முறையை ஆட்டிசம் உள்ள இளையோரிடம் சோதித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சீரற்ற முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்களில், திட்டத்தில் சேர்ந்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான சிறப்புக் கல்வியில் தொடர்ந்த 16 பேரில் ஒருவருக்கு மட்டுமே கிடைத்தது. மிகச் சிறிய மாதிரி. ஆட்டிசத்துக்கென்று கூடுதல் ஆதரவுகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு மாநிலத்தின் சில மருத்துவமனைகளை வைத்து உலகுக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் இரு குழுக்களுக்கும் இடையிலான பிளவு, மாதிரி சிறியது என்ற ஒரே காரணத்துக்காகப் புறந்தள்ளக்கூடிய அளவில் இல்லை.

இதைத் தமிழ்நாட்டில் அப்படியே நட்டுவைக்கச் சொல்லவில்லை. அத்திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு: பழகுநர் காலத்தில் மாணவருக்குப் பொதுவாக ஊதியம் இல்லை. கல்வியின் பகுதி என்று காரணம் சொல்லப்படுகிறது. கூலியில்லா உழைப்பின் வரலாறு நெடிதாக உள்ள நம் சூழலில் அந்தக் காரணம் எடுபடாது, எடுபடவும் கூடாது. இந்த இடத்தில் நம் கையில் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம், 1961 ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் கட்டாயமாக்குகிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பள்ளியின் கடைசி ஆண்டை இந்த ஒப்பந்தத்தோடு இணைத்தால் பணியிடம், ஊதியம், சட்டத் தகுதி மூன்றும் ஒருசேரக் கிடைக்கும். நூறு படுக்கைக்கு மேல் உள்ள எந்த மருத்துவமனையிலும் கருவிகளைக் கழுவி அடுக்குவது, சலவைத் துணி பிரிப்பது, மருந்தகத்தில் இருப்பு பார்ப்பது என ஒழுங்கும் கவனமும் கேட்கும் வேலைகளுக்குப் பஞ்சமில்லை.

முதலாளிகள் முன்வருவார்களா என்பது நியாயமான ஐயம். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் தனியார் நிறுவனத்தின் பங்கான வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. தொகையை முதல் மூன்றாண்டுகளுக்கு மத்திய அரசே செலுத்தும் திட்டம் 2008இல் வந்தது. நல்ல நோக்கம், தவறான இலக்கு என்பேன். முதலாளியின் தயக்கம் அந்தத் தொகையில் இல்லை. அந்தப் பையன் ஒருநாள் பதற்றமடைந்தால் யாரைக் கூப்பிடுவது, கண்காணிப்பாளர் மாறினால் புதியவருக்கு யார் எடுத்துச் சொல்வது என்பதில் இருக்கிறது. அதற்கு விடை ஒரு ஜாப் கோச். அவருக்கான சம்பளம் எந்த வரவு செலவுத் தலைப்பிலும் தெளிவாக இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓர் ஓட்டை: தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைப் பணியிடத்தில் செய்துதரும் கடமையை 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களின் மீதே நேரடியாகச் சுமத்துகிறது. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டால் 21ஆம் பிரிவு நிறைவடைந்துவிடும். வேலைகளோ பெரும்பாலும் தனியாரிடம்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளி ஆண்களில் 47 விழுக்காட்டினர் உழைப்பவர்கள், பெண்களில் 23. மகளைத் தனியே பேருந்தில் அனுப்பப் பயப்படும் வீட்டில் எந்த வேலைவாய்ப்பு முகாமும் பயன்தராது. பயணம் பழக்குவதையும் பயிற்சியின் பகுதியாக வைக்காத திட்டம் பாதிப் பேரை முதல் நாளிலேயே இழந்துவிடும். சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்காட நேர்ந்ததை இங்கே மறக்க முடியாது.

தமிழ்நாட்டில் பொதுப்பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. சிறப்புப் பள்ளிப் பிள்ளை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம். தொழிற்பயிற்சி நிலையங்களும் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையிடம். பதினெட்டாம் வயதில் கோப்பு ஒரு துறையில் மூடப்படுகிறது, இன்னொன்றில் திறக்கப்படுவதில்லை. பள்ளியின் கடைசி ஈராண்டிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அலுவலர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டு, வேலையில் சேர்ந்து ஓராண்டு முடியும்வரை அதே கோப்பை அவரே வைத்திருக்க வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது என்று கேட்கும் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில், பள்ளியை விட்டு ஓராண்டான பிறகு ஊதியத்துடன் வேலையில் நீடிப்பவர் எத்தனை பேர் என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.