வீடு மாறும்போது காணாமல் போனவர்கள்

போன மாதம் வீடு மாற்றினோம். புனேவில் இது மூன்றாவது வாடகை வீடு. அதற்கு முன்னால் நாக்பூர். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் இறக்கிவிட்டுப் போன அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்காரக்கூட இடமில்லை. பிள்ளைகள் ஒரு மூலையில் சும்மா இருக்கட்டும் என்று லேப்டாப்பில் 'டாய் ஸ்டோரி' படங்களை வரிசையாக ஓடவிட்டேன். மூன்றாவது படம் பாதி போவதற்குள் பெரியவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா, போ பீப் எங்கப்பா? போன படத்துல இருந்தாளே?"

நல்ல கேள்வி. பெட்டி பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். வீட்டம்மா முறைத்தது தனிக்கதை :-)

பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிக்சார் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட முதல் டாய் ஸ்டோரிதான் முழுக்க முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். ஆண்டி என்று ஒரு சிறுவன். மனிதர்கள் பார்க்காத நேரத்தில் அவனுடைய பொம்மைகள் நடக்கும், பேசும், சண்டை போடும். 1999, 2010, 2019 என்று அடுத்த மூன்று பாகங்கள் வந்தன. முதல் படத்தின் பின்னணியே வீடு மாற்றம்தான் என்பதைத் திரும்பப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். ஆண்டி குடும்பம் ஒரு வாரத்தில் வேறு வீட்டுக்குப் போகிறது. வழியில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று வுட்டி எல்லாப் பொம்மைகளையும் ஜோடி சேர்ந்துகொள்ளச் சொல்கிறான். ஊருக்குப் போகும்போது ரயில்வே பிளாட்பாரத்தில் நாம் பிள்ளைகளைக் கைகோத்துக்கொள்ளச் சொல்வோமே, அது மாதிரி.

அப்படிப் பத்திரமாகக் கொண்டுபோன பொம்மைகளில் பாதிப் பேர் மூன்றாவது படத்தில் இல்லை. ஆண்டிக்கு அதில் பதினேழு வயது, கல்லூரிக்குக் கிளம்புகிறான். தொலைந்தவர்களைப் பற்றி வுட்டி ஒரே ஒரு இடத்தில் பேசுகிறான். வீஸி, எட்ச் என்று இரண்டு பெயர் சொல்லித் தயங்குகிறான். ரெக்ஸ்தான் போ பீப் பெயரை எடுக்கிறான். வுட்டி முகம் வாடுகிறது. அவ்வளவுதான், கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

இவர்கள் யார் என்று பாருங்கள். வீஸி ஒரு பென்குயின் பொம்மை. விசில் கெட்டுப்போய்ப் பழைய பொருள் விற்பனைப் பெட்டிக்குப் போன அவனைக் காப்பாற்றப் போய்த்தான் வுட்டியே திருடு போகிறான். வீஸி இல்லையென்றால் இரண்டாவது படமே இல்லை. திருடனைத் தேடும்போது படம் வரைந்து உதவியவன் எட்ச். முதல் படத்தின் கடைசியில் வுட்டியையும் பஸ்ஸையும் சுமந்துகொண்டு லாரியைத் துரத்தியது ஆர்.சி. என்ற ரிமோட் கார். வருவது யார் என்று லாரியிலிருந்து முதலில் பார்த்துச் சொன்னவன் லென்னி என்ற பைனாகுலர் பொம்மை. வுட்டி பொய் சொல்லவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிந்ததே அதனால்தான். மூன்றாவது படத்தின் அந்தப் பட்டியலில் ஆர்.சி.க்கும் லென்னிக்கும் பெயர்கூட இல்லை.

போ பீப்புக்கு மட்டும் பதில் கிடைத்தது, அதுவும் 2019-ல். நான்காவது படம் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மழை இரவில் தொடங்குகிறது. வெளியே மழைநீரில் மாட்டிக்கொண்ட ஆர்.சி.யைப் பொம்மைகள் சேர்ந்து காப்பாற்றுகின்றன. அதே இரவில் ஆண்டியின் தங்கை மாலிக்குத் தேவையில்லாமல் போன விளக்கோடு சேர்த்து போ பீப்பையும் வேறு யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். அவள் எப்போது மாலியின் பொம்மை ஆனாள் என்று கேட்கலாம். முதல் படத்தைப் போட்டுப் பாருங்கள். பழைய வீட்டில் மாலியின் தொட்டிலும் ஆண்டியின் அறையில்தான் இருக்கிறது. பொருத்தம்தான். ஆனால் அவ்வளவு பாடுபட்டு மீட்ட ஆர்.சி. அப்புறம் எங்கே போனான் என்று அந்தப் படமும் சொல்லவில்லை.

இன்னும் சில முடிச்சுகள் அவிழாமலே கிடக்கின்றன. ஆண்டியின் அப்பா எந்தப் படத்திலும் வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. தான் நிஜமான விண்வெளி வீரன் என்று நம்பும் பஸ், ஆண்டி உள்ளே வந்தால் மட்டும் மற்றப் பொம்மைகள் மாதிரி ஏன் அசையாமல் விழுகிறான்? 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும் மவுசு போய் நின்றுவிட்ட ஒரு டிவி நிகழ்ச்சியின் பொம்மை வுட்டி. ஆண்டியின் அம்மாவோ அதைக் குடும்பத்துப் பழைய பொம்மை என்கிறாள். அப்படியென்றால் ஆண்டிக்கு முன் அவன் யாருடைய கையில் இருந்தான்? வுட்டிக்கே ஞாபகம் இல்லை. 2022-ல் வந்த 'லைட்இயர்' படம், இதுதான் 1995-ல் ஆண்டி பார்த்து ரசித்த படம் என்று அறிவித்தது. அதில் ஸர்க் என்பவன் வயதான பஸ்ஸேதான். இரண்டாவது படத்தில் ஸர்க் பொம்மை தன்னை பஸ்ஸின் அப்பா என்கிறது. இரண்டையும் ஒட்டவைக்க ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் பிழை என்று எண்ணிக்கொண்டிருந்தவன், அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று தேடிப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். ஸ்லிங்கி நாய்க்குக் குரல் கொடுத்த ஜிம் வார்னி 2000-ல் காலமானார். மூன்றாவது படத்திலிருந்து அவருடைய நண்பர் பிளேக் கிளார்க் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார். வீஸிக்குப் பேசிய ஜோ ரான்ஃப்ட் 2005-ல் கார் விபத்தில் இறந்தார். வீஸிக்காகப் பாடிய ராபர்ட் கூலே 2007-ல் போய்விட்டார். மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்டின் டான் ரிக்கிள்ஸ் 2017-ல் இறந்தபின், நான்காவது படத்தில் அவருடைய பழைய பதிவுகளை எடுத்துச் சேர்த்தார்கள். வுட்டி அந்தப் பெயர்களைச் சொல்லித் தயங்கும்போது எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. இன்னொரு பக்கம், முதல் மூன்று படங்களிலும் ஆண்டிக்குக் குரல் ஜான் மோரிஸ்தான். சின்னப் பையனாகப் பேசியவரே வளர்ந்து வந்து பொம்மைகளிடம் விடைபெறுகிறார். போ பீப்பின் ஆனி பாட்ஸும் இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

வுட்டியே ஒருமுறை தொலைந்திருப்பான். இரண்டாவது படம் தயாராகிக்கொண்டிருந்த 1998-ல் பிக்சார் கணினியில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளை கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. முதலில் வுட்டியின் தொப்பி போனது, பிறகு காலணி, பிறகு ஆளே. எடுத்துவைத்திருந்த நகலும் சரியாக இல்லை. அப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன், தன் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு கதையையே பெரும்பாலும் மாற்றி எடுத்தார்கள் என்றாலும், அன்றைக்குக் காப்பாற்றியது ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த அந்த நகல்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு போ பீப் உண்டு. மாமியார் கொடுத்த கொலுப் பொம்மைகளில் செட்டியார் இருக்கிறார், செட்டியாரம்மா இல்லை. நாக்பூரில் கடைசியாக வைத்த கொலு போட்டோவில் இருக்கிறாள். புனேயின் முதல் கொலுவில் இல்லை. நடுவில் என்ன ஆச்சு என்று யாருக்கும் தெரியாது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துச் சமாளித்துவந்தோம்.

இந்தத் தடவை பெட்டி பிரித்தபோது பெரியவள் செட்டியாரைக் கையில் எடுத்துக்கொண்டு, "பக்கத்துல யாரையும் வைக்க வேண்டாம்பா. யாராவது கேட்டா நான் சொல்றேன்" என்றாள். சரி என்றேன்.

உங்கள் வீட்டில் எந்த ஊர் மாற்றத்தில் யார் தொலைந்தார்கள்? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு மறந்தது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.